பாலத்தைத் தாண்டினால் பினாங்கு முடிந்துவிடாது: பெருநிலத்தில் தோட்டங்களின் தடம் தேடி ஒரு நாள்

ஜோர்ஜ்டவுன் - பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குத் தீவில் வெளியூர் எண் கொண்ட கார்கள் நிறைந்துவிடும். லிட்டில் இந்தியாவில் சேலை, தண்ணீர்மலை முருகன் கோயிலில் அர்ச்சனை, கொடிமலையில் புகைப்படம், இரவில் நாசி கண்டார். இத்தனையும் முடிந்ததும் வண்டி பாலம் ஏறி வீடு திரும்பும். பாலம் இறங்கியதும் விரியும் செபராங் பிறை, பெரும்பாலோருக்கு நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடந்து போகும் ஒரு தொழிற்பேட்டை மட்டுமே.

ஆனால், பினாங்கு மாநிலத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வது அந்தப் பெருநிலப் பகுதியில்தான். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் 17 லட்சத்து 40 ஆயிரம் பேரில் ஏறக்குறைய 9 லட்சத்து 46 ஆயிரம் பேர் செபராங் பிறையில் இருந்தனர். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவையும் அங்கேதான் உள்ளன. அவற்றில் பல, இன்றும் ஒரு தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயர் இருக்கிறது, தோட்டம் பல இடங்களில் இல்லை.

நகரத்துச் செட்டியார் கிட்டங்கிகளும் சூலியா தெருவும் பினாங்குத் தமிழரின் ஒரு பாதி வரலாறு. மறுபாதி, கரும்பும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த பெருநிலத்தில் கிடக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி பெற்ற ஜோர்ஜ்டவுனில் பழைய கட்டடம் ஒன்றை இடிப்பதற்கு ஆயிரம் கேள்விகள் எழும். ஒரு லயத்து வீட்டு வரிசையை இடிக்கும்போது அத்தனை கேள்விகள் எழுவதில்லை. அந்தத் தடங்கள் முற்றிலும் மறைவதற்குள், வீட்டில் உள்ள பெரியவர்களை உடன் அழைத்துக்கொண்டு ஒரு நாள் இந்த ஊர்களைச் சுற்றி வருவது பயன் தரும்.

கெடாவின் நிலம் பினாங்கு ஆனது எப்படி?

1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கால் வைத்தபோது எதிர்க்கரை கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்தது. தமிழ் இலக்கியமும் சோழர் கல்வெட்டுகளும் கடாரம் என்று குறிப்பிடும் அதே கெடாதான். தீவுக்குத் தேவையான அரிசியும் இறைச்சியும் எதிர்க்கரையிலிருந்தே வந்தன. துறைமுகத்தின் பாதுகாப்புக்கும் அந்தக் கரை தேவைப்பட்டது. எனவே 1800-ஆம் ஆண்டு, ஜோர்ஜ் லீத் துணைநிலை ஆளுநராக இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கரையோர நிலத்தை ஓர் உடன்படிக்கையின் வழி பெற்றுக்கொண்டது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது.

அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயரே அந்நிலத்துக்குச் சூட்டப்பட்டது. 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்ற அந்தப் பெயர் இன்றும் பழைய தலைமுறையின் பேச்சில் 'புரோவின்ஸ்' என்று கேட்கும். வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த வட்டாரமே இன்றைய செபராங் பிறை. 2019 செப்டம்பர் 16-ஆம் நாள் இதன் நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாக உயர்த்தப்பட்டது.

பட்டர்வொர்த்: வாசல் ஊர்

பயணத்தைப் பெர்ரியில் தொடங்குவதே பொருத்தம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பெர்ரி சேவை 1894-இல் தொடங்கியது. 1985-இல் முதல் பாலம் திறக்கும் வரை கடலைக் கடக்க வேறு வழியில்லை. கார்களை ஏற்றிச் சென்ற பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் நான்கு புதிய பெர்ரிகளில் நடந்து வருவோரும் சைக்கிள், மோட்டார்சைக்கிள் ஓட்டுநர்களும் மட்டுமே செல்லலாம். கார்களுக்குப் பாலம்தான்.

பெர்ரி ஏறுமுன், துறைமுகத்துக்கு அருகே மணிக்கூண்டுடன் நிற்கும் சுங்கத்துறைக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இரயில்வே அலுவலகமாகக் கட்டப்பட்டது. தீவில் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் பயணச்சீட்டை அங்கே வாங்கிக்கொண்டு, படகில் பிறைக்குச் சென்று, அங்கிருந்து இரயில் ஏறினார்கள். இரயில் ஓடாத இரயில் நிலையம் என்று அதைச் சொல்வதுண்டு. பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு 1899-இல் தண்டவாளம் போடப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட பிறகே கரை சேர்ந்தனர். உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குப் பிறை ஒரு முக்கிய வாசலாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜோன் பட்டர்வொர்த்தின் பெயரை இந்த ஊர் பெற்றது. ஆனால் உள்ளூர்வாசிகள் பலர் இன்றும் 'பாகான்' என்றே சொல்கிறார்கள். 2018-இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரலில் பெர்ரி, பேருந்து, இரயில் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. பெருநிலச் சுற்றுலாவுக்கு அதுவே தொடக்கப் புள்ளி.

பக்கத்திலேயே பிறை. இங்குள்ள சீனி ஆலை 1964-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கச்சாச் சீனியைச் சுத்திகரிப்பதே அதன் வேலை. ஒரு காலத்தில் இதே வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நின்றது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பத் தயங்குவார்கள். அந்தக் கரும்பின் கதை தெற்கே வரும். அதற்குமுன் இறங்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம்: கோயிலடியில் ஒரு கல்

பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் இரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம் வந்துவிடும். வடக்கே பாடாங் பெசார் நோக்கிச் செல்லும் பாதையும் தெற்கே ஈப்போ நோக்கிச் செல்லும் பாதையும் இங்கே பிரிகின்றன. மலையடிவாரச் சந்தை ஊராக வளர்ந்த இடம் இது. பழைய நகர மையத்தில் தோபேகோங் சீனர் கோயிலும் காலைச் சந்தையும் ஒட்டி நிற்கின்றன. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இங்கே எழுப்பப்படும் மாபெரும் காகித உருவத்தைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

தமிழர்களுக்கு இந்த ஊர் புனித அன்னம்மாள் ஆலயத்தால் பழக்கமானது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-ஆம் நாளை ஒட்டி நடைபெறும் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பக்தர்கள் திரளுவர். தமிழ்த் திருப்பலியும் உண்டு. மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பவர்களில் இந்துக்களையும் பார்க்கலாம். 1888-இல் எழுந்த பழைய ஆலயம் இன்றும் வளாகத்தில் நிற்கிறது. 2002-இல் கட்டப்பட்ட புதிய ஆலயம் அதற்குப் பக்கத்தில் உள்ளது. 2019-இல் வத்திகன் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தியது.

அந்த வளாகத்துக்கு வருவோர் பலர் கவனிக்காமல் போகும் ஒன்று, செரோக் தோக்குன் கல். பெரிய கருங்கல் பாறை ஒன்றில் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1845-இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ அதனைக் கண்டறிந்தார். பல்லவ எழுத்தில், சமஸ்கிருத மொழியில் அமைந்த அக்கல்வெட்டு சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தியது என்று கருதப்படுகிறது. இதைத் தமிழ்க் கல்வெட்டு என்று சொல்வது பிழை. ஆனால் காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் வழங்கிய எழுத்து மரபு கடல் கடந்து இந்த மலையடிவாரம் வரை வந்திருக்கிறது என்பதற்கு அது கண்கூடான சான்று.

லோவின் கண்ணில் பட்டது அது ஒன்று மட்டுமல்ல. 1834-இல் இதே புரோவின்ஸ் வெல்லெஸ்லி வட்டாரத்தில் புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டையும் அவர் கண்டெடுத்தார். கடல் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் உள்ளது. அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செரோக் தோக்குன் கல் மட்டும் எழுதப்பட்ட இடத்திலேயே கிடக்கிறது. அதனைத் தொடாமல், தேய்க்காமல் பார்த்துவிட்டு வருவது நம் கடமை.

ஊரின் மறுபுறம் அல்மா. இன்று பேரங்காடியும் அடுக்குமாடிகளும் நிறைந்த பரபரப்பான புறநகர். அங்கே கார் நிறுத்த இடம் தேடுவோரில் எத்தனை பேருக்கு அது ஒரு தோட்டத்தின் பெயர் என்று தெரியும்?

கரும்பில் தொடங்கிய கதை

1840-களில் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் கரும்புத் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. முதலில் தியோச்சூ சீனர்களும், அவர்களைத் தொடர்ந்து ஐரோப்பியத் துரைமார்களும் தோட்டம் போட்டனர். சதுப்புக்காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, வரப்பு கட்டினால்தான் அந்த மண்ணில் கரும்பு நிற்கும். அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் சஞ்சிக்கூலிகளாக வந்து சேர்ந்தனர். கப்பல் செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டு, கூலியில் கழிக்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு வெளியேறுவது குற்றம்.

1870-களில் மலாக்கோப் தோட்டத்திலும் அல்மா தோட்டத்திலும் தொழிலாளர்கள் பட்ட கொடுமைகள் அரசு விசாரணை வரை போயின. அடியும் நோயும் மரணமும் அந்த ஏடுகளில் பதிவாகியுள்ளன. ரப்பர் காலத்துத் துயரத்தை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, கரும்புக் காலத்திலேயே இந்த மண்ணில் தமிழர் உயிர்கள் உதிர்ந்துவிட்டன.

தோட்டங்களின் பெயர்களைச் சற்று நின்று கேட்டாலே துரைமார்களின் உலகம் புரியும். அல்மா, மலாக்கோப் இரண்டும் 1850-களில் நடந்த கிரிமியப் போரில் புகழ்பெற்ற போர்க்களங்களின் பெயர்கள். கெலடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய இலத்தீன் பெயர். வேலை செய்தவர்கள் தஞ்சாவூரையும் திருச்சியையும் சேலத்தையும் நினைத்துக்கொண்டிருக்க, தோட்டத்துப் பலகையில் மட்டும் வேறொரு நாட்டின் நினைவு எழுதப்பட்டிருந்தது.

சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் கரும்பு அழிந்து ரப்பர் வந்தது. ஆள் எடுக்கும் பொறுப்பு கங்காணிகளிடம் போனது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை கங்காணி வழி ஆட்கள் வந்துகொண்டிருந்தனர்.

தெற்கே: பத்து காவான், சுங்கை பாக்காப், நிபோங் தெபால்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தெற்கே செல்லும் இரயில் சிம்பாங் அம்பாட்டைக் கடந்து நிபோங் தெபாலை அடைகிறது. இந்த வழி முழுவதும் பழைய சீனி நாடு.

பத்து காவான் மாற்றம் எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் காட்டும் இடம். கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறிமாறி நின்ற அந்த நிலத்தில் 2000-ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக மாநில விளையாட்டரங்கம் எழுந்தது. 2014 மார்ச் 1-ஆம் நாள், தீவின் பத்து மாவுங்கிலிருந்து 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் இங்கே வந்து இறங்கியது. 2019-இல் ஐக்கியா பேரங்காடி திறக்கப்பட்டது. இப்போது மின்னியல் தொழிற்சாலைகளும் உயர்ந்த அடுக்குமாடிகளும் நிற்கின்றன. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான் தோட்டம் இன்னும் இருக்கிறது.

அருகில் உள்ள புக்கிட் தம்புன் மீனவர் ஊர். கடலுணவுக்காகவே மக்கள் அங்கே போகிறார்கள். சுங்கை பாக்காப், கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனர் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பை வைத்து வளர்த்த சிற்றூர். பழைய கடைவீதியை நடந்தே பார்த்துவிடலாம்.

நிபோங் தெபால் இந்தப் பயணத்தின் கடைசி ஊர். நிபோங் என்பது ஒருவகைப் பனை. கிரியான் ஆற்றை ஒட்டிய இந்த ஊரைச் சுற்றி வால்டோர், பைராம், சங்காட், திரான்ஸ்கிரியான் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களே பழைய தோட்டங்களின் வரைபடமாக இருக்கின்றன.

கெலடோனியா தோட்டத்தில், செம்பனைகளுக்கு நடுவே '99 கதவு மாளிகை' பாழடைந்து நிற்கிறது. பெரும் நிலத்தைக் கையில் வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு அது. 1948-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த தோட்ட முதலாளி ஒருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இணையத்தில் அந்த வீடு பேய்க்கதைகளுக்குத்தான் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அந்த மாளிகையின் கதவுகளை எண்ணுவோர், அதன் செலவுக்குப் பால் வெட்டியவர்கள் எத்தனை கதவுள்ள வீட்டில் இருந்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். லயத்து வீட்டுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. கட்டடம் பாதுகாப்பானது அல்ல. அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.

மாலையில் கிரியான் ஆற்றில் படகேறினால் கரையோர மரங்களில் மின்மினிகளைக் காணலாம். பிள்ளைகளுக்கு அது மறக்காது.

தோட்டம் எங்கே போனது?

தோட்டங்கள் ஒரே நாளில் மறையவில்லை. சுதந்திரக் காலகட்டத்தில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் அழைத்த அந்த நெருக்கடியில் வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதற்குப் பதிலாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமான புக்கிட் சீடிம், இங்கிருந்து எல்லை தாண்டினால் வரும் கெடா மாநிலத்தில் உள்ளது.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. மாக் மண்டினிலும் பிறையிலும் எழுந்த தொழிற்பேட்டைகள் இளையோரை இழுத்துக்கொண்டன. நகரம் விரிய விரிய, மரத்தைவிட மண்ணுக்கு விலை கூடியது. தோட்டம் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. வேலையோடு சேர்ந்தே வீடும் கோயிலும் பள்ளியும் இருந்ததால், தோட்டம் விற்கப்பட்டபோது இவை அனைத்துக்கும் புது இடம் தேட வேண்டியதாயிற்று. சில பள்ளிகள் தோட்டத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனதன் காரணம் இதுவே.

வடக்கே நேரம் இருந்தால்

இன்னொரு நாள் கிடைத்தால் வடக்கே கப்பாளா பத்தாஸ் பக்கம் போகலாம். 2013 வரை முன்னாள் பிரதமர் துன் அப்துல்லா அகமட் படாவியின் தொகுதியாக இருந்தது அது. வயல்வெளிகளுக்கு நடுவே குவார் கெப்பா என்ற இடத்தில், பண்டை மக்கள் தின்று குவித்த சிப்பி ஓடுகளின் மேடுகள் உள்ளன. 2017-இல் அங்கே கிடைத்த எலும்புக்கூடு 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்றது. அது 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எப்படிப் போவது?

தீவில் இருப்பவர்கள் காலையில் பெர்ரி ஏறி, பினாங்கு சென்ட்ரலில் இறங்கி, கொம்யூட்டர் பிடிக்கலாம். புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் தெபால் மூன்றும் ஒரே தடத்தில் உள்ளன. இரயில் அடிக்கடி ஓடாது என்பதால் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊர் மையங்களுக்கு ரேப்பிட் பினாங்கு பேருந்துகள் உண்டு. பழைய தோட்டப்பக்கம் போக விரும்புவோருக்குக் கார் தேவைப்படும். அன்னம்மாள் திருவிழா நாட்களில் சாலைகள் நெரியும். அப்போது இரயிலே நல்லது.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போகலாம். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் அவரை முன் இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். எந்தத் தோட்டம், எந்த லயம், பிரட்டுக் களம் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எங்கே, கோயில் முதலில் எந்த மரத்தடியில் இருந்தது, நம்மவர்கள் அந்தத் தோட்டத்தை எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். வரைபடத்தில் இல்லாத செய்திகள் அவை. அரசாங்க ஏட்டில் துரையின் பெயர் இருக்கும். லயத்தில் இருந்தவரின் பெயர் அவர் பேரப்பிள்ளைகள் எழுதினால்தான் இருக்கும்.

அல்மாவில் கார் நிறுத்தும் ஒரு பிள்ளை, "இது நம்ம பாட்டி பால் வெட்டுன இடம்" என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு நாள் பயணம் வீண் போகவில்லை.